மூன்றாவது அளவு

வீட்டுக்குப் போய்ப் பிரித்துப் பார்க்கலாம் என்றுதான் ரோகிணி நினைத்திருந்தாள். ஆனால் கிறிஸ்துமஸுக்கு நான்கே நாள் இருந்தது, பித்தான் துளை ஏதாவது விட்டுப்போயிருந்தால் மறுபடி புதுப்பட்டினம் கடைத்தெருவரை நடக்க வேண்டும். அதனால் தையல்கடை பெஞ்சிலேயே பொட்டலத்தின் நூலை அவிழ்த்தாள். இனியனுக்குச் சட்டையும் கால்சட்டையும். சுஷ்மிதாவுக்கு ரோஜா நிற ஃப்ராக். அதற்கு அடியில், அதே துணியில், அதே லேஸ் வைத்து இன்னொரு ஃப்ராக். ஒரு சாண் நீளம் கூடுதலாக.

"இது யாரோடது முத்துசாமிண்ணே? மாத்தி வச்சிட்டீங்க."

முத்துசாமி தையல் மெஷினிலிருந்து நிமிரவில்லை. "இன்னாம்மா மாத்தி? உங்க துணிதான். மூணு புள்ளிங்களுக்கும் அளவு எடுத்தேனே."

"எனக்கு ரெண்டு பிள்ளைங்கதான்."

அவர் மெஷினை நிறுத்தினார். அளவு நோட்டை எடுத்து எச்சில் தொட்டுப் புரட்டி அவள் முன்னால் நீட்டினார். ஷ்யாம் சார் வீடு என்று எழுதி, கீழே மூன்று வரிசை எண்கள். மூன்றாவது வரிசையில் நீளம் இருந்தது, மார்பு இருந்தது, தோள் இருந்தது. கழுத்துக்கு மட்டும் எதுவும் எழுதவில்லை.

"கழுத்தாண்ட டேப்பு வெச்சா ஒரே ஈரம்மா. தலையிலேர்ந்து தண்ணி சொட்டிகினே கீது. மழையில இட்டாந்துகீறீங்க போலன்னு உட்டுட்டேன். உங்க முந்தானையப் புடிச்சிகினுதான் நின்னுச்சு."

அளவு கொடுக்க வந்த அன்று மழை பெய்யவில்லை. அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. கடைத்தெருவில் ஏதோ ஒரு பிள்ளை பக்கத்தில் வந்து நின்றிருக்கும், இவர் குழம்பிவிட்டார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். துணி தன்னுடையதுதான் என்பதால் மூன்றையும் எடுத்துக்கொண்டு வந்தாள். வழியில் இரண்டு முறை, காரணமில்லாமல், முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

1998-ஆம் வருடத்துக் கிறிஸ்துமஸ் அது. அவர்கள் சொந்த ஊரான நாசரேத்தை விட்டு வந்து கொண்டாடும் முதல் கிறிஸ்துமஸ். ஷ்யாமுக்கு அணுமின் நிலையத்தில் டெக்னீஷியன் வேலை. அந்த வாரம் முழுக்க மதியம் போய் இரவு பத்துக்கு மேல் திரும்பும் ஷிப்ட். ஊருக்குப் போக லீவு கிடைக்கவில்லை. குவார்ட்டர்ஸும் கிடைக்காததால் கடலை நோக்கிப் போகும் ஒரு தெருவில் மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். கிழக்கு ஜன்னலைத் திறந்தால் தெருவும், தெரு முடியும் இடத்தில் மணலும், அதற்கப்பால் எப்போதும் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும் தண்ணீரும் தெரியும்.

புதுத் துணியைக் கண்டதும் நாலு வயது சுஷ்மிதா ஓடிவந்தாள். பெரிய ஃப்ராக்கைத் தொட்டுப் பார்த்தாள்.

"அக்காவுக்கும் தச்சாச்சா?"

"எந்த அக்கா?"

இனியன் தங்கையின் கையை அழுத்தினான். அவனுக்கு ஆறு வயது. பொய் சொல்லும்போது காது சிவக்கும். "சும்மா சொல்றாம்மா" என்றான். காது சிவந்திருந்தது.

அன்றிலிருந்து அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. துடைத்த தரையையே மறுபடி துடைத்தாள். பாத்திரங்களை இடம் மாற்றி வைத்தாள். அச்சு முறுக்குக்கு மாவு கரைத்து, அச்சை எண்ணெயில் காயவைத்து, ஒவ்வொரு முறுக்காகத் தட்டி எடுக்கும்போது, எண்ணெயின் சலசலப்புக்கும் தேங்காய்ப்பால் கலந்த மாவு வேகும் வாசனைக்கும் நடுவே, அடுத்த அறையில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும் சத்தத்துக்குக் காது தானாகப் போனது. தடதடவென்று கனமாக ஓடுவது இனியன். அதன் பின்னால் குதித்துக் குதித்து வருவது சுஷ்மிதா. அவற்றுக்குப் பின்னால், அவசரமே இல்லாமல், ஈரத் துணியைத் தரையில் வைத்து வைத்து எடுப்பதுபோல மூன்றாவதாக ஒரு சத்தம். அடுப்பைத் தணித்துவிட்டுப் போய்ப் பார்த்தாள். இரண்டு பேர் நின்றிருந்தார்கள். இரண்டு பேரும் கதவுக்குப் பின்னால் இருந்த மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே சுவரோடு சாய்ந்து பாய் மட்டும்தான் நின்றது. அந்த மூலையில் கடற்பாசியும் பழைய வலையும் சேர்ந்து நாறுவதுபோல ஒரு வாடை அடித்தது. பினாயில் ஊற்றிக் கழுவியும் போகவில்லை.

மறுநாள் மதியம் அம்சா வந்தாள். அதே தெருவில் நான்கு வீடு தள்ளி, கடல் பக்கமாக அவள் வீடு. அவள் புருஷன் ஷ்யாமை அண்ணாத்த என்று கூப்பிடுவதால் ரோகிணி அவளுக்கு அண்ணி. முறுக்கு சுட உதவ வந்தவள், வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சத்தம் போட்டாள்.

"இன்னா அண்ணி, பெரிய பொண்ண படியிலயே நிக்க வெச்சிகீற? மழை வர்ற மாதிரி கீது. உள்ள கூப்டு."

ரோகிணியின் கையிலிருந்த கரண்டி நின்றது. "எந்தப் பொண்ணு?"

"வெளையாடுறியா? நீ கடைக்குப் போனா அதானே இதுங்க ரெண்டையும் பாத்துக்குது. ஜன்னலாண்ட நின்னு வேடிக்கை காட்டிகினு இருக்கும். ஒரு வார்த்தை பேசாது, பாவம். நான்கூட ஊமையோன்னு நெனச்சேன்."

ரோகிணி படிக்கு ஓடினாள். யாருமில்லை. கடைசிப் படியில் தண்ணீர் தேங்கியிருந்தது. வானம் இருட்டியிருந்ததே தவிர இன்னும் ஒரு துளி விழவில்லை.

அன்றிரவு ஷ்யாம் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்தபடி கேட்டான். "ஊருக்குப் போகலைங்கற ஏக்கம். வேற ஒண்ணுமில்ல. நீ ஒழுங்கா உறங்கு முதல்ல" என்றான். காலையில் அவனே, பல் தேய்த்துக்கொண்டு, அரைத் தூக்கத்தில் சொன்னான். "பிள்ளைங்களுக்கு அந்தப் போர்வை பத்தல ரோகிணி. மூணும் சேர்ந்து சுருண்டு கிடக்கு." சொல்லிவிட்டு நிறுத்தினான். வாயிலிருந்து நுரை வழிந்தது. "ரெண்டும்" என்றான். "ரெண்டும் சேர்ந்து." அதன்பின் வேலைக்குப் புறப்படும்வரை அவள் முகத்தை அவன் பார்க்கவேயில்லை.

அவன் போனபின் அவள் யோசித்துப் பார்த்தாள். இது எப்போது தொடங்கியது? நவம்பர் கடைசி ஞாயிறு மாமல்லபுரம் போயிருந்தார்கள். சாயங்காலம் திடீரென்று காற்று மாறி, கடல் கறுத்து, கூட்டமெல்லாம் மேலே ஓடியது. பிள்ளைகள் தண்ணீர் ஓரத்தில் சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். மணலில் ஓட முடியாமல், நின்ற இடத்திலிருந்தே, தண்ணீரைப் பார்த்து அவள் கத்தினாள். "வாங்க, எல்லாரும் வாங்க! வீட்டுக்குப் போகலாம்!" யாரைப் பார்த்துக் கத்தினோம் என்றுகூட அவளுக்கு அப்போது தெரியவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் கண்டக்டர் இரண்டு முழு டிக்கெட்டும் மூன்று அரை டிக்கெட்டும் கிழித்துக் கொடுத்தார். ஷ்யாம் சண்டை போட்டான். கண்டக்டர் அவர்கள் சீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொண்டு முன்னால் போய்விட்டார்.

நான்தான் கூப்பிட்டேன். நான்தான் அழைத்து வந்தேன்.

இருபத்துமூன்றாம் தேதி சாயங்காலம் அந்தப் பெரிய ஃப்ராக்கை எடுத்துக்கொண்டு போய், சர்ச்சில் ஏழைப் பிள்ளைகளுக்காக வைத்திருந்த பெட்டியில் போட்டாள். முழங்காலில் நின்று ஜெபித்தாள். வார்த்தைகள் வரிசையாக வரவில்லை. அது எங்கிருந்து வந்ததோ அங்கேயே போகட்டும் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். வீட்டுக்கு வந்தபோது, பிள்ளைகளுக்குத் துணையாக இருந்த அம்சா வாசலில் நின்றாள். உள்ளே சுஷ்மிதா தேம்பிக்கொண்டிருந்தாள்.

"அக்கா கோச்சுக்கிட்டா."

ரோகிணி மண்டியிட்டு மகளின் தோளைப் பிடித்தாள். "அக்கா என்ன சொன்னா? அம்மாகிட்ட சொல்லு."

"சட்டை வேணாமாம். வீடும் வேணாமாம்." குழந்தை மூக்கை உறிஞ்சினாள். "அம்மா மட்டும் போதுமாம்."

இருபத்துநான்காம் தேதி காலையிலிருந்தே மழை. ஷ்யாம் பத்து மணிக்கு வந்துவிடுவான், நடுராத்திரி ஆராதனைக்கு எல்லோரும் சேர்ந்து போகலாம் என்று ஏற்பாடு. பகலெல்லாம் அவள் பிள்ளைகளைக் கண்ணைவிட்டு அகல விடவில்லை. குளிக்கப் போகவில்லை. சாப்பிடவில்லை. ஆறரை மணிக்கு, பிள்ளைகளுக்குப் புதுத் துணி போட்டுத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, கரண்ட் போனது.

தெரு முழுக்க இருட்டு. மெழுகுவர்த்தி சமையலறையில் இருந்தது. அங்கே போக வேண்டுமானால் அந்த மூலையைக் கடக்க வேண்டும். மழைச் சத்தத்துக்கு அடியில், அந்த மூலையில், பாய் மெல்லச் சரிந்து தரையில் விழும் ஓசை கேட்டது. வாடை வந்தது. முன்னைவிடப் பக்கத்தில்.

அம்சா வீட்டுக்குப் போய்விடலாம். நான்கே வீடு.

"இனியா, சுஷ்மி, அம்மா கையப் பிடிங்க. பேசாதீங்க. வாங்க."

இருட்டில் இரண்டு கைகளையும் நீட்டினாள். இரண்டு சின்னக் கைகள் வந்து பற்றிக்கொண்டன. சில்லென்றிருந்தன. பயத்தில் பிள்ளைகளுக்குக் கை சில்லிட்டுப் போயிருந்தது. வெளியே வந்து, கதவை இழுத்துச் சாத்தி, பூட்டுவதற்காக ஒரு கையை மட்டும் விட்டாள். பூட்டு விழுந்ததும் அந்தக் கை தானாகவே தேடி வந்து அவள் விரல்களுக்குள் நுழைந்துகொண்டது. நல்ல பிள்ளை என்று நினைத்தாள்.

படிகளில் இறங்கினார்கள். மழையில் வழுக்கும் படி. அவளுக்குத்தான் தடுமாறியது. பிள்ளைகள் தடுமாறவில்லை.

தெருவில் கணுக்கால்வரை தண்ணீர் ஓடியது. எதுவும் தெரியவில்லை. ஒரு வீடு. அடுத்தது. பிள்ளைகள் அவளைவிட ஓரடி முன்னால் போனார்கள், அவள் இரண்டு கைகளும் முன்னோக்கி இழுபட்டன.

"மெதுவா போங்கடா."

பதில் இல்லை. பேசாதே என்று சொன்னது அவள்தானே.

மூன்றாவது வீடு. நான்காவது. அம்சா வீட்டில் லாந்தர் எரியும். எரியவில்லை. இன்னும் கொஞ்சம் இருக்கும். நடந்தாள். மழைச் சத்தம் மாறியது. அகலமானது. காலுக்கடியில் தண்ணீர் இல்லை. மணல்.

நின்றாள்.

கைகள் நிற்கவில்லை. இழுத்தன.

"இனியா?"

இழுத்தன. நாலு வயதோ ஆறு வயதோ ஆன பிள்ளையின் பலமல்ல அது.

"சுஷ்மி?"

அப்போது கரண்ட் வந்தது. பின்னால் தெருவிளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் சிமிட்டி எரிந்தன. மழைக் கோடுகள் மஞ்சளாயின.

"அம்மா!"

இனியனின் குரல். பின்னாலிருந்து. உயரத்திலிருந்து.

தலையை மட்டும் திருப்பினாள். மாடி ஜன்னலில் வெளிச்சம். கம்பிகளைப் பிடித்துக்கொண்டு இனியன். அவன் தோளுக்குக் கீழே, ரோஜா நிறத்தில், சுஷ்மிதா.

"அம்மா! எங்கள வச்சிப் பூட்டிட்டு எங்கம்மா போறீங்க?"

ரோகிணியின் இரண்டு கைகளும் இன்னும் பிடியில் இருந்தன.

மெல்லத் திரும்பிப் பார்த்தாள். இடது பக்கம் யாருமில்லை. வலது பக்கம் யாருமில்லை. எதிரே ஒரே ஒருத்தி. இரண்டு கைகளையும் நீட்டி அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து வந்திருக்கிறாள். வாசலிலிருந்து. படிகளில். தெரு நெடுக.

முடி முகத்தில் ஒட்டியிருந்தது. வாய் சிரிப்பதற்காகத் திறந்திருந்தது. திறந்த வாயிலிருந்து தண்ணீர் வழிந்தது. நிற்காமல் வழிந்துகொண்டே இருந்தது.

ஜன்னலில் பிள்ளைகள் கத்தினார்கள். ரோகிணி விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள். பிரியவில்லை. ஒரு அலை வந்து அவள் முழங்காலில் மோதியது.

சிறுமி இன்னும் ஓரடி பின்னால் எடுத்து வைத்தாள்.