பச்சைக் கோட்டுக்குக் கை இல்லை!

"அய்யோ... முதலாளீ!"

கேஷியர் பெண் போட்ட அலறலில் சூப்பர் மார்க்கெட்டே உறைந்தது.

கண்ணாடி அறைக்குள் முதலாளி மேஜை மேல் கவிழ்ந்திருந்தார். வாயோரம் நுரை. கைப்பக்கம் பாதி குடித்த ஆரஞ்சு ஜூஸ் பாட்டில்.

மணி பத்தே கால்.

பதினொன்றுக்கு வந்த பெண் இன்ஸ்பெக்டர் பாட்டில் மூடியைத் தூக்கிப் பார்த்தாள். நடுவில் ஊசித் துளை!

"விஷம். இந்த பாட்டில் எங்க இருந்து வந்துச்சு?"

"நாலாவது ஷெல்ப். முதலாளி தினம் பத்து மணிக்கு அவரே போய் எடுப்பாரு" என்றாள் கேஷியர். "எப்பவும் மூணாவது பாட்டில்தான். முன்னாடி இருக்கறது கண்டவன் கை பட்டதுன்னு தொட மாட்டாரு."

"அது யாருக்கெல்லாம் தெரியும்?"

"ஊருக்கே தெரியும் மேடம்!"

அப்போது ஒருவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். முதலாளியின் மாப்பிள்ளை. மாமனார் செத்து ஒரு மணி நேரம் ஆகவில்லை, தலை கலையாமல் சீவியிருந்தான். கையில் ஒரு பிரிண்ட் தாள்.

"மேடம், நீங்க யாரையும் விசாரிக்கவே வேணாம். நான் செஞ்ச மெஷின் இருக்கு. கேமராவுல பாத்து, எந்தக் கை எந்தப் பொருளைத் தொட்டுச்சு, எவ்வளவு நேரம் வெச்சிருந்துச்சு, எல்லாத்தையும் எழுதிடும். ஆயிரக்கணக்கான வீடியோ காட்டிப் பழக்கியிருக்கேன். உங்க டிபார்ட்மென்டுக்கு இதெல்லாம் புரியாது."

"புரியற மாதிரி சொல்லுங்களேன்."

"இன்னிக்கு அந்த மூணாவது பாட்டிலைத் தொட்டது ரெண்டே கை. ஒண்ணு மாமா. இன்னொண்ணு..."

விரல் நீட்டினான்.

தூணோரம் துணிப்பையோடு நின்றிருந்த அறுபது வயது அம்மாள் திடுக்கிட்டாள். சர்க்கரை நோயாளி. எதை எடுத்தாலும் லேபிளில் சர்க்கரை அளவைப் படித்துவிட்டு, உதட்டைப் பிதுக்கி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவாள். கடையில் அவளுக்கு லேபிள் அம்மா என்று பெயர்.

"தொட்டுட்டு வாங்காதவங்க லிஸ்ட்ல இவங்கதான் முதல் ரேங்க். போன வாரம் மாமா கடைக்கு வராதேன்னு திட்டி அனுப்பினாரு. இன்னிக்குக் காலையில அந்த பாட்டிலை ஒரு நிமிஷம் நாற்பது செகண்ட் வெச்சிருந்திருக்காங்க!"

"எழுத்து எறும்பு சைஸ்ல போட்டா அவ்வளவு நேரம் ஆகாதா?" என்றாள் லேபிள் அம்மா. "மேடம், என்னை ஜெயில்ல போட்டுடுவீங்களா? வீட்ல படுத்த படுக்கையா என் தங்கச்சி இருக்கா. என்னை விட்டா அவளுக்கு யாரும் இல்ல..."

இன்ஸ்பெக்டர் மாப்பிள்ளை பக்கம் திரும்பினாள்.

"வீடியோவைக் காட்டுங்க."

"வீடியோ கிடையாது. பார்த்ததும் மெஷினே அழிச்சிடும். விவரம் மட்டும்தான் மிஞ்சும். மெஷின் பொய் சொல்லாது மேடம்!"

அவள் தாளை வாங்கி மேலிருந்து கீழே படித்தாள். நிதானமாக. மாப்பிள்ளை பெருமூச்சு விட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"நேத்து ராத்திரி கடை மூடறப்ப ஆரஞ்சு வரிசை காலின்னு இருக்கு. காலையில நிறைஞ்சிருக்கு. நடுவுல யாரும் கை வைக்கல. பாட்டில் எல்லாம் தானா நடந்து வந்து ஏறி உக்காந்துச்சா?"

"நான்தான் ஒன்பது மணிக்கு அடுக்கினேன் மேடம்" என்றாள் சரக்கு அடுக்கும் பெண்.

"அப்ப உன் கை ஏன் இதுல இல்ல?"

மாப்பிள்ளை சிரித்தான். எல்.கே.ஜி. பிள்ளையிடம் சிரிக்கிற சிரிப்பு.

"ஸ்டாஃப் நாள் பூரா தொட்டுக்கிட்டேதான் இருப்பாங்க. அதையெல்லாம் எழுதினா குப்பை. அதனால பச்சைக் கோட்டு போட்டவங்களை மெஷின் கண்டுக்காது."

"ஓ! கோட்டு மாட்டினா கையே கிடையாதா?"

சிரிப்பு நின்றது. ஒரு நொடிதான். சட்டென்று விரலைத் திருப்பினான்.

"அப்ப... இவதான் மேடம்! அடுக்கறப்பவே வெச்சிருக்கா!"

சரக்குப் பெண் விசும்ப ஆரம்பித்தாள்.

தூ! ஆறு நிமிஷத்தில் இரண்டு பேரைத் தூக்கு மேடைக்கு அனுப்பிவிட்டான். இவனெல்லாம் ஒரு விஞ்ஞானி.

"அழாதம்மா" என்றாள் இன்ஸ்பெக்டர். "உள்ள வர்ற ஒவ்வொருத்தருக்கும் மெஷின் ஒரு நம்பர் போடுது, இல்லையா?"

"ஆமா. கோட்டு இல்லாதவங்களுக்கு மட்டும்."

"படிக்கறேன் கேளுங்க. ஆள் எண் ஒண்ணு. எட்டு அம்பத்தஞ்சுக்கு உள்ள வந்தார். ஒன்பது பத்துக்குக் உபரிக் கோட்டு மாட்டற ஆணிப்பக்கம் காணாமப் போனார். ஒன்பது பதினாலுக்கு அதே இடத்துல திரும்ப முளைச்சார். யார் சார் இந்த மாயாவி?"

"யா... யாராவது கஸ்டமர்..."

"கடை திறந்ததே ஒன்பதரைக்கு!"

இன்ஸ்பெக்டர் கேஷியரைப் பார்த்தாள்.

"ஸ்டாஃப் எல்லாரும் வீட்ல இருந்தே கோட்டோட வர்றாங்க. முதலாளி வந்தது எப்பம்மா?"

"ஒன்பதே முக்காலுக்கு" என்றாள் கேஷியர். "அதுக்கு முன்னாடி கோட்டு இல்லாம உள்ள வர்றது, மெஷினைச் செக் பண்ற மாப்பிள்ளை சார் மட்டும்தான். நேத்து முதலாளி இவரைத் திட்டினாரு மேடம். 'என் பொண்ணு உன்னை விட்டுட்டு என் வீட்டுக்கே வந்துடட்டும், நாளையோட மெஷினையும் வெளிய எறியறேன், உன்னையும் வெளிய எறியறேன்'னு."

மாப்பிள்ளை பாய்ந்து தாளைப் பிடுங்கினான். வாயில் திணித்தான்!

கான்ஸ்டபிள் கழுத்தைப் பிடித்துத் துப்ப வைத்தார். இன்னொருவர் ஆணியில் தொங்கிய உபரிக் கோட்டோடு வந்தார். அதன் பைக்குள் சின்னதாக ஒரு ஊசி மூடி!

கையை மறைத்த புத்திசாலி, ஆள் மறைந்ததையும் தன் மெஷின் எழுதும் என்பதை மறந்துவிட்டான். அதையும் பெருமைக்காக அவனே அச்செடுத்துப் போலீஸ் கையில் கொடுத்தான். நுணலும் தன் வாயால் கெடும். அந்த நுணலுக்காவது இவ்வளவு திமிர் கிடையாது.

"தப்பா நினைச்சுக்காதீங்கம்மா. வீட்டுக்குப் போங்க, தங்கச்சி காத்திருப்பாங்க" என்றாள் இன்ஸ்பெக்டர், விலங்கை எடுத்தபடி.

லேபிள் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். போகவில்லை. மாப்பிள்ளையின் மணிக்கட்டில் மாட்டிய விலங்கைப் பிடித்து, கண்ணருகே கொண்டுபோய், இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். ஒரு நிமிஷம் நாற்பது செகண்ட்.

பிறகு வழக்கம்போல உதட்டைப் பிதுக்கினாள்.

"எக்ஸ்பைரி தேதியே போடலையே மேடம்... சாகறவரைக்கும் தாங்குமா?"