ஒன்பதாம் எண் மண்டையோடு

கம்பி உள்ளே போகவில்லை.

எலும்பு மேடம் அதை வெளியே இழுத்து, விரலால் நீவி நேராக்கி, மறுபடி நுழைத்துப் பார்த்தாள். மருத்துவக் கல்லூரியில் இருபத்திரண்டு வருடமாக உடற்கூறியல் சொல்லிக்கொடுக்கிறவள். மாணவர்கள் அவள் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் அது. இப்போது வீட்டில் கணவரே அப்படித்தான் கூப்பிடுகிறார். மறுநாள் செய்முறைத் தேர்வு. விடுமுறை நாளின் மதியத்தில், மாணவர்கள் இல்லாத கட்டிடத்தில், தலைக்கு மேல் மின்விசிறி கடகடக்க, ஃபார்மலின் நெடி தொண்டையைக் கமற, நீள மேசையில் பன்னிரண்டு மண்டையோடுகளை வரிசையாக வைத்து ஒவ்வொரு துளையிலும் மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். மண்டையோடு நிறைய வாசல் வைத்த வீடு என்று வகுப்பில் சொல்வாள். ஒவ்வொரு வாசலிலும் ஒரு நரம்போ ரத்தக்குழாயோ போய்வரும்.

ஒன்பதாம் எண்ணில், வலக் கண்குழிக்குக் கீழே கன்னத்தில் இருக்க வேண்டிய துளை அடைத்திருந்தது. அழுக்காக இருக்கும் என்று ஈரப் பஞ்சால் துடைத்தாள். அழுக்கு இல்லை. எலும்பு வழுவழுவென்று ஓடியது, அங்கே என்றைக்குமே துளை இருந்ததில்லை என்பதுபோல.

எலும்பு அறைச் சாவி வைத்திருக்கும் அக்காவைக் கூப்பிட்டாள். அக்கா மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள்.

"நேத்து நான்தானே மேடம் தூசி தட்டினேன். ரெண்டு பக்கமும் கம்பி சரசரன்னு போச்சு."

இடப்பக்கமும் இப்போது அடைத்திருந்தது. மண்டையோடு மாறியிருக்குமோ என்றால், நெற்றியில் இருந்த எண் மேடத்தின் கையெழுத்து. யோசனையில் கன்னத்தைச் சொறிந்துகொண்டாள். நகம் படுவது தெரியவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டதுபோல, மூக்கோரத்திலிருந்து மேலுதடு வரை மரத்துக் கிடந்தது. அந்தத் துளை வழியாக வரும் நரம்பு உணர்வு கொடுக்கும் இடம் அதுதான். ஒரு மில்லிமீட்டர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

உட்காரப் போனவள் நின்றாள்.

மேல்மூடியைக் கழற்றிவிட்டு, மண்டையோட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். மூக்குக்கு மேலே சல்லடை மாதிரி ஓர் எலும்புத் தட்டு உண்டு. வாசனை நரம்புகள் அதன் பொடித் துளைகளில்தான் ஏறும். எப்போதும் அங்கே குண்டூசி முனை அளவில் வெளிச்சப் புள்ளிகள் தெரியும். அவள் பார்த்தபோது நான்கு இருந்தன. மூன்று. ஒன்று. பிறகு இருட்டு.

அறையில் நெடியே இல்லை.

ஃபார்மலின் பாட்டிலைத் திறந்து முகத்தருகே கொண்டுபோனாள். கண் எரிந்து நீர் கொட்டியது. மூக்குக்கு எதுவும் தெரியவில்லை.

தடித்த ஊசி ஒன்றை எடுத்து, மண்டையோட்டின் அடைத்த கன்னத்தில் துளை போட முயன்றாள். ஊசி எலும்பைத் தொட்டதும், மரத்துப்போன தன் கன்னத்துக்கு உள்ளே, எலும்பின் அடியாழத்தில், இடி விழுந்ததுபோல வலித்தது. ஊசி கீழே விழுந்தது. அப்படியென்றால் இதை உடைக்கவும் முடியாது. அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. வாட்ச்மேனைக் கூட்டிவருகிறேன் என்று படியிறங்கி ஓடினாள்.

மேடம் கணவருக்குப் போன் செய்தாள். அவளை அழைத்துப்போக ஏற்கெனவே கிளம்பியிருந்தார்.

"என்னங்க, எங்க இருக்கீங்க? சீக்கிரம் வாங்க. எனக்கு என்னமோ ஆகுது."

"என்னாச்சு எலும்பு மேடம், ஏதாவது மண்டை பேசிடுச்சா?" என்று சிரித்தவர், அவள் மூச்சைக் கேட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "பத்தே நிமிஷம். அங்கேயே உட்காரு. எங்கயும்..."

மின்விசிறிச் சத்தம் பாதியானது. போனை இடது காதுக்கு மாற்றினாள். அதிலும் அவர் குரல் கிணற்றுக்குள் இறங்குவதுபோல இறங்கி, நின்றது. வாய் ஒருபுறம் தொங்கியது, பிறகு மறுபுறமும். காது நரம்பும் முகத்தை அசைக்கும் நரம்பும் ஒரே துளையில் நுழைபவை. இதை அவள் கேட்காத தேர்வே இல்லை.

அடுத்தது எது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதுதான் கொடுமை.

மண்டையோட்டின் கண்குழிகளுக்குள் எட்டிப் பார்த்தாள். பின்சுவரில் பார்வை நரம்பின் வட்டத் துளைகள் பென்சில் முனையளவு சிறுத்திருந்தன. மேசையின் ஓரங்கள் மறைந்தன. மற்றப் பதினொரு மண்டையோடுகளும் மறைந்தன. ஒரு குழாய் வழியாகப் பார்ப்பதுபோல ஒன்பதாம் எண் மட்டும் தெரிந்தது.

அதுவும் போனது.

கத்தினாள். கத்தினோமா என்று தெரியவில்லை. தொண்டையில் கை வைத்துப் பார்த்தாள். அதிர்வு இல்லை. குரலின் வாசலும் சாத்தியாகிவிட்டது.

கைகள் மட்டும் மிச்சம். மேசையைத் துழாவி மண்டையோட்டை எடுத்தாள். கண்குழி இருந்த இடம் மேடு. மூக்கு இல்லை. மேல்மூடியும் வந்து ஒட்டிக்கொண்டிருந்தது; விளிம்பே தட்டுப்படவில்லை. முட்டைபோல ஓர் உருண்டை. அடியில் ஒன்றே ஒன்று திறந்திருந்தது. தண்டுவடம் இறங்கும் பெருந்துளை. மூச்சு விடச் சொல்லும் உத்தரவு அதன் வழியாகத்தான் நெஞ்சுக்குப் போகிறது.

அது சுருங்கிக்கொண்டிருந்தது. விரல்நுனிகள் கூசின. நெஞ்சு பாதிக்கு மேல் விரியவில்லை.

வலது ஆள்காட்டி விரலை அதற்குள் திணித்தாள்.

எலும்பு விரலைச் சுற்றி இறுகியது. இறுகி நின்றது. மூச்சு வந்தது. சின்ன மூச்சு. போதும்.

எத்தனை நேரம் என்று தெரியாது. யாரோ தோளைத் தொட்டார்கள். பெரிய, சூடான கைகள். கணவர். அவள் தலையை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். அவர் இதயம் அடிப்பது பிடரியில் தெரிந்தது. பிறகு அவர் கை அவளுடைய கை வழியாக இறங்கி, மாட்டிக்கொண்டிருந்த விரலைக் கண்டுபிடித்தது.

வேண்டாம்.

இடக்கையால் அவர் உள்ளங்கையில் எழுத முயன்றாள். முதல் எழுத்து முடிவதற்குள், மெலிந்த இரண்டு கைகள் அந்தக் கையைப் பற்றி மடியில் அழுத்திக்கொண்டன. அக்கா. வலிப்பு வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டாள்போல. ஆதரவாகத் தடவிக்கொடுத்தாள்.

விரலில் ஈரம். வழுவழுப்பு. சோப்பு நீர். இறுகிய மோதிரத்தைக் கழற்றுகிறவர்களின் பொறுமையோடு அவர் மண்டையோட்டை இப்படியும் அப்படியுமாகத் திருகினார். அவளுக்கு வலிக்கக் கூடாது என்று நிறுத்தி நிறுத்தித் திருகினார்.

முதல் கணு வெளியே வந்தது.

இரண்டாவது கணு.

இப்போது நகம் மட்டும்தான் உள்ளே.