எல்லாரும் போட்டாச்சு

"வழிய விடுங்க நர்ஸம்மா... குழந்தை நனையுது!"

"குழந்தை நனையல. நீங்கதான் நனையுறீங்க" என்றாள் மசினா.

உண்மைதான். ஆறடி உயர ஆள். குடை முழுவதையும் பக்கத்தில் நின்ற சிறுமியின் தலைக்கு மேல் பிடித்திருந்தான். மழை அவன் தோளில் விழுந்து, முழங்கையில் வழிந்து, இடுப்பில் சுற்றியிருந்த லாவலாவாத் துணியை உடம்போடு ஒட்ட வைத்திருந்தது. அந்தக் கோலத்திலும் அவனுக்குக் கோபம் மட்டும் குறையவில்லை...

சவாயித் தீவின் கிழக்குக் கரையில் கடலைப் பார்த்து நின்ற பள்ளிக்கூடம் அது. மசினா அங்கே நர்ஸ். அம்மை ஊசி போடாத பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கக் கூடாது என்பது சட்டம். வீட்டுக்கு வீடு அழுகை கேட்ட அந்தத் தட்டம்மை வருஷத்துக்குப் பிறகு வந்த சட்டம். வாசலில் நின்று அதைக் காப்பது அவள் வேலை.

"ஊசி போட்டுக் கூட்டிட்டு வாங்க. உள்ள விடுறேன்."

"போட முடியாது."

"முடியாதா, மனசில்லையா?"

"முடியாது."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க. ஃபோன்ல யாராவது கண்டதையும் அனுப்பியிருப்பாங்க, அத நம்பிக்கிட்டு..."

அவன் அவளை நேராகப் பார்த்தான். அவ்வளவுதான். மழைத்துளி தொங்கிய இமைகளுக்குள் இரண்டு கறுத்த கண்கள்... பல இரவுகள் தூங்காத கண்கள். மசினா பார்வையை விலக்கினாள். என்ன இது, இந்த ஆள் இப்படிப் பார்க்கிறான்?

"வா புவா, போகலாம்" என்று அவன் திரும்பினான்.

சிறுமி நகரவில்லை. தலையிலிருந்த துணித் தொப்பியைக் கழற்றினாள். அடியில் முடி, புதிதாய் முளைத்த புல் போல, அரை விரல் உயரத்துக்கு.

"எனக்கு ரத்தத்துல புற்றுநோய் இருந்துச்சு நர்ஸக்கா. ஆக்லாந்துல சரி பண்ணிட்டாங்க. சின்னதுல போட்ட ஊசியெல்லாம் அந்த மருந்துல கரைஞ்சு போச்சாம். இப்பவே மறுபடி போட்டா அதுவே நோவாயிடுமாம். கிறிஸ்துமஸ் கழிஞ்சுதான் போடணுமாம்." எத்தனையோ பேரிடம் சொல்லிச் சொல்லிப் பழகியது போல ஒப்பித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மாமாவுக்கு இதெல்லாம் சொல்லப் பிடிக்காது. பாவம்னு பார்ப்பாங்கல்ல..." என்றாள்.

மசினாவின் முகம் சூடேறியது. வாசலை அகலத் திறந்தாள்.

தன் அறையில் துண்டை நீட்டினாள். வாங்கியவன் முதலில் சிறுமியின் கால்களைத் துடைத்தான். பெயர் ஃபெலெத்தி. புவா அவன் இறந்துபோன அக்காவின் மகள். அவளோடு ஆக்லாந்து ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் கிடந்துவிட்டு, இப்போதுதான் ஊர் திரும்பி பஸ் ஓட்டுகிறான். கடற்கரைச் சாலையில் பாட்டுச் சத்தத்தோடு போகுமே, மஞ்சளும் நீலமுமாய் ஒரு மரப் பஸ்... அது.

"டாக்டர் சொன்னா சட்டமே இடம் குடுக்குது. நீங்க முதல்லயே சொல்லியிருக்கலாம்" என்றாள்.

"நீங்க கேட்டிருக்கலாம்."

சுருக்கென்று தைத்தது. அவன் அப்போதும் விடவில்லை.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இவளுக்கு ஊசி போட முடியாது. பக்கத்துல உக்கார்ற பிள்ளைங்க போட்டிருந்தாத்தான் இவளுக்குப் பாதுகாப்பு. இவ வகுப்புல எல்லாரும் போட்டுட்டாங்களா?"

மசினா ஒரு நொடி ஜன்னலைப் பார்த்தாள்.

"எல்லாரும் போட்டாச்சு."

பொய்.

ஒரே ஒரு பிள்ளை போடவில்லை. லீத்தா. மசினாவின் சொந்த அக்கா லோசாவின் மகள்.

தட்டம்மை வருஷத்தில் லோசாவுக்குக் கைக்குழந்தை ஒன்று இருந்தது. வீடு வீடாகப் போய் ஊசி போட்ட மசினா, அக்கா வீட்டுக்கு வந்தபோது அந்தக் குழந்தைக்கும் போட்டாள். நோய் அதற்கு முன்பே உடம்புக்குள் நுழைந்துவிட்டது யாருக்கும் தெரியாது. ஒரு வாரத்தில் குழந்தை போய்விட்டது. "உன் கையாலதான்டி..." என்று லோசா கதறிய கதறல் இன்னும் மசினாவின் காதில் இருக்கிறது. ஊசி தாமதமாக வந்தது, அதுதான் காரணம் என்று எத்தனை முறை சொல்லியும் அக்கா கேட்கவில்லை. லீத்தாவைத் தொடவே விடவில்லை. அவள் பள்ளிக்கு வந்த நாளில் மசினா அக்காவின் முகத்தைப் பார்த்தாள்... வாசலைத் திறந்துவிட்டாள்.

இன்று அதே வாசலில் நின்றுகொண்டுதான் ஊராருக்குச் சட்டம் சொல்கிறாள்!

இந்த வாரமே அக்காவிடம் பேசிவிடுகிறேன்... என்று அன்றைக்கு நினைத்தாள். பேசவும் செய்தாள். லோசா தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனாள். அடுத்த வாரம் பார்க்கலாம் என்று ஆனது. அதற்கடுத்த வாரமும்.

மற்றபடி புவாவுக்காக மசினா செய்யாதது இல்லை. காற்று வரும் ஜன்னலோர இடம். வாசலிலேயே கை கழுவும் தொட்டி. புவாவுக்கு லேசாக உடம்பு சுட்டாலும் டீச்சர் உடனே தன்னை அழைக்க வேண்டும் என்ற ஏற்பாடு. யாருக்காவது சளி என்றால் புவாவுக்குத் தனி அறையில் பாடம். சாயங்காலம் அதையெல்லாம் ஃபெலெத்தியிடம் சொல்லிக்கொண்டே அவன் பஸ்ஸில் வீட்டுக்குப் போவாள்.

"நர்ஸம்மா, இன்னைக்கு யார வாசல்ல நிறுத்தினீங்க?"

"வாய் அதிகமா இருக்கிற ஆளுங்கள."

"அப்ப நான் நாளைக்கும் நிக்கணும் போல."

"நனைஞ்சுக்கிட்டு நில்லுங்க. அதுதான் உங்களுக்கு நல்லா இருக்கு..."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். முன்னால் இருந்த கண்ணாடியில் அவன் கண்கள் சிரித்தன. முன்பு தூங்காத கண்கள்... இப்போது கொஞ்சம் தூங்கியிருந்தன. மசினா அவசரமாகக் கடலைப் பார்த்தாள். ஐயோ, இவனிடமா பொய் சொன்னேன்?

பின் இருக்கையில் புவாவும் லீத்தாவும் ஒரே பணியாரத்தை மாற்றி மாற்றிக் கடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு திங்கள்கிழமை லீத்தா பள்ளிக்கு வரவில்லை. சளியாக இருக்கும் என்றார்கள். மத்தியானம் மசினா அக்கா வீட்டுக்குப் போனாள். பிள்ளை பாயில் சுருண்டு கிடந்தாள். சிவந்த கண்கள், கொதிக்கும் உடம்பு, காதுக்குப் பின்னால் பொரிந்து இறங்கும் செம்புள்ளிகள்.

"ரெண்டு வாரத்துக்கு முந்தி கல்யாணத்துக்கு வெளிநாட்டுச் சொந்தக்காரங்க வந்தாங்களே, அவங்களுக்கு இருமல் இருந்துச்சு..." என்றாள் லோசா. வாய்தான் பேசியது. கண்கள் ஏற்கெனவே தெரிந்துகொண்டிருந்தன. "மசினா... அதுவா? அதேதானா?"

"அதேதான். இப்பவே ஆஸ்பத்திரிக்குத் தூக்கு."

வெள்ளிக்கிழமைகூட லீத்தா புவாவின் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

மசினா மழையில் ஓடினாள். செருப்பு ஒன்று எங்கேயோ கழன்றது. சாலையின் நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்தாள். மஞ்சள் பஸ் கிறீச்சிட்டு நின்றது.

"சாகப் பார்த்தீங்களே!" என்று இறங்கி வந்தவன் அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றான். "புவாவுக்கு என்ன?"

"இன்னும் ஒண்ணும் இல்ல. லீத்தாவுக்குத் தட்டம்மை... அவ ஊசி போடல. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் உங்ககிட்ட பொய் சொன்னேன்."

அவன் ஒரு கையால் பஸ் கதவைப் பிடித்துக்கொண்டான்.

"எல்லாரும்னு சொன்னீங்களே..." அவன் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தாங்கியிருப்பாள்.

"அப்புறம் என்ன வேணாலும் திட்டுங்க. நோய் ஒட்டி ஆறு நாளைக்குள்ள எதிர்ப்புச் சக்தி மருந்து ஏத்தினா புவாவைக் காப்பாத்தலாம். அக்கரையில ஆப்பியா ஆஸ்பத்திரியிலதான் இருக்கு. ஃபோன் பண்ணிட்டேன், எடுத்து வைக்கிறாங்க. இன்னைக்குக் கடைசிக் கப்பல் நாலு மணிக்கு."

பஸ்ஸில் இருந்தவர்கள் யாரும் சொல்லாமலே இறங்கிக்கொண்டார்கள். பள்ளி வாசலில் புவாவை ஏற்றினான். துறை வரைக்கும் அவன் கால் வேகத்தைக் குறைக்கவில்லை.

கப்பலின் சங்கிலியை இழுத்துக்கொண்டிருந்தார்கள். "ஏறிடுங்க, ஏறிடுங்க! கடல் சரியில்ல, இதுக்கு மேல நிக்காது!" என்று யாரோ கத்தினார்கள். ஃபெலெத்தி புவாவைத் தோளில் தூக்கிக்கொண்டு தாவினான். பின்னாலேயே மசினா, ஒற்றைச் செருப்போடு.

கூட்டத்தை விட்டு விலகித் திறந்த தளத்தில் உட்கார்ந்தார்கள். அலை ஒவ்வொன்றுக்கும் கப்பல் எழுந்து விழுந்தது. புவா இருவருக்கும் நடுவில்.

"லீத்தா செத்துடுவாளா?" என்று கேட்டாள்.

"மாட்டா. அவ உடம்புக்குச் சண்டை போடத் தெம்பு இருக்கு" என்றாள் மசினா.

"எனக்கு?"

"உனக்கு வேற ஆளுங்கள சண்டைக்கு அனுப்பப் போறோம்."

ஃபெலெத்தி கடலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு முறையாவது திரும்ப மாட்டானா... திரும்பவில்லை.

விளக்கு ஏற்றும் நேரத்தில் ஆப்பியாவில் மருந்து ஏறியது. புவா ஊசிக்கு அழவில்லை. பழகிய கை, தானாக நீண்டது. அதைப் பார்த்துத்தான் மசினா சுவரோரம் திரும்பி அழுதாள்.

"நீங்க போங்க. இனி நான் பாத்துக்கறேன்" என்றான் ஃபெலெத்தி.

மறுநாள் அவள் தலைமையாசிரியையிடம் எல்லாவற்றையும் சொன்னாள். பள்ளி வாசலுக்கு வேறு நர்ஸ் வந்தாள். மசினாவை மாவட்ட ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

லீத்தாவின் காய்ச்சல் இறங்கிய அன்று, வார்டுக்கு வெளியே, லோசா தங்கையின் கையைப் பிடித்தாள்.

"யாரையாவது பழி சொல்லலேன்னா அன்னைக்கு நான் செத்திருப்பேன் மசினா. நீ பக்கத்துல இருந்த... உன் மேல போட்டுட்டேன். உன் ஊசி கொல்லலன்னு எனக்கு எப்பவோ தெரியும்."

"ஏங்க்கா சொல்லல?"

"சொன்னா, அப்ப யார் மேலயும் தப்பில்லன்னு ஆயிடும். அத எப்படித் தாங்குறது?"

இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதார்கள். பிறகு லோசா எழுந்து முகத்தைத் துடைத்தாள். "வீட்ல அம்மாவோட கல்யாணப் பாய் இருக்கு. எடு."

மறுநாள் விடிவதற்கு முன் ஃபெலெத்தியின் வீட்டு முற்றத்தில் அக்காவும் தங்கையும் தலை குனிந்து உட்கார்ந்தார்கள். பட்டு போல மெல்லிய அந்தப் பாயால் தலையை மூடிக்கொண்டார்கள். பெரிய தப்புச் செய்த குடும்பம் இப்படித்தான் வந்து உட்கார வேண்டும். வீட்டுக்காரன் வந்து பாயை எடுத்தால் மன்னிப்பு. எடுக்காவிட்டால்... அவன் என்ன செய்தாலும் கேட்க ஆளில்லை.

சேவல் கூவியது. வெயில் வந்தது. தெருவில் போனவர்கள் நின்று பார்த்து, பேச்சைக் குறைத்துக்கொண்டு போனார்கள். வெயில் போய் மழை வந்தது. பாய் நனைந்து கனத்தது. மசினாவின் கால்கள் மரத்தன. வரமாட்டான்... அவன் ஏன் வரணும்? அவனுக்கு இருக்கிற ஒரே உயிரை வைத்து நான் விளையாடினேனே...

காலடிச் சத்தம். அருகில் வந்து நின்றது.

"அந்தக் குழந்தை பக்கத்துல நோயைக் கொண்டுவந்தது என் வீடுங்க" என்றாள் லோசா, பாய்க்குள்ளிருந்தே. "இவ என்னாலதான் பொய் சொன்னா. அடிக்கணும்னா என்ன அடிங்க."

"லீத்தா எப்படி இருக்கா?" என்றது அவன் குரல்.

"கஞ்சி குடிச்சா."

பாய் மெல்ல விலகியது. முதலில் லோசாவின் தலையிலிருந்து. பிறகு மசினாவின் தலையிலிருந்து... அவள் நிமிர்ந்தாள். மழைக்குப் பின்னால் அவன் கண்கள். கோபம் இருந்தது. இன்னும் ஏதோ ஒன்றும் இருந்தது.

"எழுந்திருங்க. புவா இதத் தாண்டி வரட்டும். அப்புறம் பேசலாம்."

அதன் பிறகுதான் உண்மையான தண்டனை. காத்திருப்பு. மருந்து ஏறியிருந்தாலும் நான்கு வாரம் புவாவைப் பிரித்து வைத்துப் பார்க்க வேண்டும். தினமும் வேலை முடிந்து மசினா அந்த முற்றத்தின் பலாமரத்தடிக்கு வருவாள்.

"காய்ச்சல்?"

"இல்ல" என்பான். அவ்வளவுதான்.

சில நாள் கழித்து, "இல்ல. சாப்பிட்டா" என்றான். பிறகு, "இல்ல. என்னையே திட்டுறா" என்றான். ஒரு நாள் மட்டும், "லேசா சுடுது" என்றான். அன்று மசினா மரத்தடியை விட்டு நகரவில்லை. இருட்டிய பிறகு அவன் ஒரு கோப்பை கோகோவைத் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போனான். காலையில் வந்து, "சும்மா சளிதான்..." என்றபோது அவன் குரல் உடைந்தது. அவளுக்கும்.

கடைசி நாள். டாக்டர் பார்த்துவிட்டுப் போயிருந்தார். புவாவுக்கு ஒரு புள்ளிகூட வரவில்லை. மசினா முற்றத்துக்கு வந்தபோது மழை வலுத்தது. ஃபெலெத்தி குடையோடு இறங்கி வந்தான்.

"உங்க மேல ஏன் அவ்வளவு கோபம்னு தெரியுமா?" என்றான்.

"புவாவுக்காக..."

"அது பாதி. ரெண்டு வருஷம் ஒவ்வொரு டாக்டர்கிட்டயும் ஒண்ணுக்குப் பத்துத் தடவை கேட்டவன் நான். உங்ககிட்ட மட்டும் ஒரே தடவை கேட்டேன். நீங்க சொன்னதும் நம்பிட்டேன். அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்கினேன், தெரியுமா..."

மசினாவின் கண்கள் நிறைந்தன. "இனிமே ஒரே தடவைல நம்பாதீங்க. பத்துத் தடவை கேளுங்க. பத்துத் தடவையும் உண்மையே சொல்றேன்."

"கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"இவ்வளவு நாள்... புவாவப் பாக்க மட்டும்தான் வந்தீங்களா?"

மழை சட்டென்று நின்றுபோனது போல் இருந்தது. நிற்கவில்லை. அவளுக்குத்தான் கேட்கவில்லை.

"இல்ல" என்றாள்.

"இன்னும் ஒன்பது தடவை கேக்கணும்."

"இல்ல, இல்ல, இல்ல..." சிரிப்பும் அழுகையுமாக எண்ணிக்கை குழம்பியது. "உங்களப் பாக்கவும்தான் வந்தேன். எனக்கு உங்கள ரொம்பப் பிடிச்சிருக்கு, ஃபெலெத்தி. போதுமா?"

"எனக்கும்தான்..." அவன் குரல் அவனுக்கே கேட்டிருக்காது.

சுவரில்லாமல் தூண்கள் மட்டும் நின்ற அந்த வீட்டிலிருந்து புவா கத்தினாள். "மாமா! சத்தமாச் சொல்லு, மழையில ஒண்ணுமே காதுல விழல!"

ஃபெலெத்தி திரும்பி, தெருவே கேட்கும்படி, சொன்னான்.