உட்காருங்க, மறைக்குது!

சுந்தரத்தின் கால்கள் உதைப்பதை நிறுத்தின.

மருதப்பன் தலையணையை எடுத்தான். மூக்கருகே விரல் வைத்தான்.

மூச்சு... இல்லை!

நாளை கோர்ட்டில் மருதப்பனின் அண்ணனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல இனி ஆளில்லை. இந்த வியாழக்கிழமை மாலையை அவன் யோசித்துத்தான் தேர்ந்தெடுத்திருந்தான். டிவியில் மர்ம நாடகத்தின் கடைசிப் பாகம்! வீடுகளில் டிவி இல்லாத நோரிஸ் ரோடே காலியாகி, சமூக நிலையத்து டிவி முன்னால் போய் உட்கார்ந்துவிடும்.

மகா புத்திசாலி!

கைரேகைகளைத் துடைத்து முடிப்பதற்குள் ஹாலில் சலசலப்பு. எட்டிப் பார்த்தவன்... உறைந்தான்.

ஹால் முழுக்க ஜனம்! வரும்போது மூலையில் போர்வை போர்த்தி நின்றதை அலமாரி என்று நினைத்திருந்தான். போர்வை இப்போது இல்லை.

புத்தம்புது டிவி!

"யாருப்பா நீ? சுந்தரம் எங்க?" பக்கத்து வீட்டு ரத்தினம்மா கேட்டாள். "டிவி வாங்கிட்டேன், எல்லாரும் வாங்கன்னு மத்தியானம் கூப்பிட்டாரே!"

"நா... நான் அவரு சொந்தக்காரன். அவருக்குக் காய்ச்சல். தூங்குறாரு, எழுப்பாதீங்க."

பின்கதவில் பூட்டு. வெளியேற ஒரே வழி இந்த ஹால். இரண்டடி வைத்தான்.

"உட்காருங்க லா, மறைக்குது!"

யாரோ சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். பாயில் பொத்தென்று விழுந்தான். நான்கு பக்கமும் முழங்கால்கள். வசமாக மாட்டிக்கொண்டான்!

"இருங்கோ தம்பி. இனி எங்கயும் போகேலாது," என்றார் பக்கத்திலிருந்தவர்.

"எதிர் வீட்டு இராஜரத்தினம் சார். சி.ஐ.டி. இன்ஸ்பெக்டர்," என்றாள் ரத்தினம்மா. "ஆனா டிவி கொலைகாரனை அவராலயும் கண்டுபிடிக்க முடியல!"

மருதப்பன் முகத்தைத் திரைப் பக்கம் திருப்பிக்கொண்டான். மாட்டினால் தூக்கு!

நாடகம் ஆரம்பமானது. ஒரு நாவலை எடுத்து என்னமாய்ப் பண்ணியிருந்தார்கள்! மழை, பங்களா, ஐந்து பேர், ஒரு பிணம். ஐவரில் டாக்டர் மட்டும் ஒரு சொட்டும் சிந்தாமல் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார். கேமரா ஒவ்வொரு முகத்தையும் நிதானமாக நோட்டம் விட்டது. உள்ளே கிடக்கும் பிணத்தை மருதப்பன் மறந்தே போனான்.

விளம்பரம்!

கூட்டம் எழுந்து சோம்பல் முறித்தது. வாசல் வரை வழி! ஓடிவிடலாம்...

ஆனால் கொலைகாரன் யார்?

உட்கார்ந்தான். அட மடையா!

"டாக்டர்தான்," என்றாள் ரத்தினம்மா.

"சும்மா சொல்லாதீங்க!" மருதப்பன் பாய்ந்தான். "கொன்னுட்டு வந்தவன் அப்படிச் சிந்தாம கோப்பி குடிப்பானா? கை நடுங்கும்ங்க! கப்பையே பிடிக்க முடியாது! இந்தா, இப்படி..."

நீட்டினான். இரண்டு கைகளும் வெடவெடவென்று நடுங்கின.

இராஜரத்தினம் அந்தக் கைகளைப் பார்த்தார். மெல்ல எழுந்து சுந்தரத்தின் அறைக்குள் போனார். திரும்பி வந்து, மருதப்பனின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்தார்.

"சத்தம் போடாதையும்," காதில் கிசுகிசுத்தார். "நாடகம் முடியட்டும்."

திரையில் துப்பறிபவர் விரலை நீட்டினார்...

டாக்டரை நோக்கி!

"அநியாயம் சார்!" மருதப்பன் அலறினான். "அவன் கை நடுங்கவே இல்லையே!"

"அவருக்கு ஒரு மாசம் ஒத்திகை, தம்பி," என்றார் இராஜரத்தினம். "நீர் நேரே மேடை ஏறிட்டீர்!"