கொடிப் படகில் ஓர் அதிகாரி

ஜூடியின் அண்ணன் சாவியோ எல்லாவற்றிலும் அவசரக்காரன். அவன் வயதுப் பையன்கள் பள்ளிக்கூடத்தில் இருந்தபோதே கல்லூரியில் சேர்ந்துவிட்டான். முதல் நாள் காவலாளி அவனை வாசலில் நிறுத்தி, பள்ளிக்கூடம் அடுத்த தெருவில் இருக்கிறது என்று வழி சொல்லி அனுப்பினாராம்.

இப்போது அவன் கடற்படை அதிகாரி. ராயபுரம் மாதா கோயில் திருவிழாவுக்காக லீவில் வந்திருந்தான். மாதா சொரூபம் படகில் ஏறிக் கடலில் ஒரு சுற்று வரும். அதற்கு முன்னால் ஒரு கொடிப் படகு போகும். இந்த வருடம் அது அப்பா வால்டரின் படகு. கொடி பிடிக்கப்போவது சாவியோ. அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

சாவியோவின் முகம் மட்டும் வாடியிருந்தது. ஜூடி அவனைத் தனியாகக் கூப்பிட்டு விசாரித்தாள்.

"பெரிய கப்பல்ல எனக்கு ஒண்ணும் ஆவாது. சின்ன போட்ல ஏறினாத்தான் வாந்தி வருது. நைனாவாண்ட சொல்லிடாத ஜூடி, மானம் பூடும்" என்றான்.

ஜூடிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் பாவமாகவும் இருந்தது. நானும் வருவேன் என்று அடம்பிடித்துப் படகில் ஏறிக்கொண்டாள்.

துறைமுகச் சுவரைத் தாண்டியதும் படகு குதிக்கத் தொடங்கியது. வெள்ளைச் சீருடையில் சாவியோ விறைப்பாக நின்றான். பின்னால் வந்த படகுகளில் எல்லாரும் அவனைப் போனில் படம் பிடித்தார்கள். அவன் கன்னம் மெல்ல உப்பியது.

"நைனா, வயித்த பொரட்டுது" என்று ஜூடி சட்டென்று சுருண்டு படுத்தாள். அவள் போட்ட 'ஓவ்' சத்தத்தில் பக்கத்துப் படகுக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். வால்டர் கொடியை அடுத்த படகுக்குக் கொடுத்துவிட்டுக் கரைக்குத் திரும்பினார்.

கரையில் ஒரே கேலி. மீன்காரர் பெண்ணுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாதாமே என்று அவள் வகுப்புப் பையன்கள்கூடச் சிரித்தார்கள். ஜூடி தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணில் நீர் முட்டியது. இருந்தாலும் அண்ணனைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"நம்ம வூட்ல யாருக்கும் இப்டி ஆனதில்லியே. இது யார மாதிரி வந்து பொறந்துகீது?" என்று வால்டர் அலுத்துக்கொண்டார்.

சோடா குடித்துக்கொண்டிருந்த சாவியோ எழுந்து வந்து தங்கையின் பக்கத்தில் நின்றான்.

"என்ன மாதிரிதான் நைனா. வாந்தி வந்தது எனக்கு. என் மானத்த காப்பாத்த அவ நடிச்சா" என்றான் எல்லாருக்கும் கேட்கும்படி.

வால்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். கரையே சேர்ந்து சிரித்தது. அதில் ஜூடியின் சிரிப்புதான் உரக்கக் கேட்டது.