மாடி மணி

மாடி என்று எழுதிய கட்டத்தில் சிவப்புக் கொடி விழுந்திருந்தது.

சமையலறைக்குள் நுழைந்ததும் தியா லிண்டவர் முதலில் பார்த்தது அதைத்தான். சுவரில், அவள் தலைக்குச் சற்று மேலே, கண்ணாடி போட்ட அந்த மரப்பெட்டி தொண்ணூறு வருஷமாகத் தொங்குகிறது. முன்னறை, சாப்பாட்டறை, நூலறை, இரண்டு படுக்கையறைகள், மாடி என்று ஆறு கட்டங்கள். எந்த இடத்தில் பொத்தானை அழுத்துகிறார்களோ அந்தக் கட்டத்தில் நகத்தளவு சிவப்புத் தகடு ஒன்று விழும். மேலே பித்தளை மணி அடிக்கும். பணிப்பெண் எழுந்து ஓடுவாள். பணிப்பெண்கள் எல்லாம் என்றோ போய்விட்டார்கள். அவர்கள் படுத்துறங்கிய சின்ன அறையில் இப்போது பழைய காகிதங்கள் இருக்கின்றன.

பெட்டியின் அடியில் இருக்கும் கைப்பிடியைத் தள்ளினால் கொடி மேலே ஏறிக்கொள்ளும். தள்ளினாள். ஏறிக்கொண்டது. பெட்டிக்கு வரும் கம்பிகளை ஆள் வைத்து வெட்டி, மணியின் சுத்தியலையும் கழற்றி எறிந்து பதினொரு மாதம் ஆகிறது என்பது இரண்டடி நடந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"நீங்க இன்னும் இங்கதான் இருக்கீங்களா?" என்று கேட்டபடி வந்தாள் மார்லா. வீட்டை விற்றுக்கொடுக்கும் தரகர். காதில் முத்து, கையில் மூன்று பூச்செண்டுகள். "மணி பன்னெண்டே முக்கால் ஆவுது. ஒரு மணிக்கு ஜனம் வந்துடும்."

"அம்மாவோட காகிதப் பெட்டி ஒண்ணு உள்ள இருக்கு. எடுத்துட்டுப் போயிடறேன்."

"எடுத்துக்கங்க. ஆனா யார் கண்ணுலயும் பட்றாதீங்க தியா. வீட்டுக்காரங்க நின்னாங்கன்னா பாக்க வர்றவங்க விருந்தாளி மாதிரி கையக் கட்டிக்கிட்டு நிப்பாங்க. ஒருத்தரும் அலமாரியத் தொறக்க மாட்டாங்க. அலமாரியத் தொறக்காதவங்க வீடு வாங்கி நான் பாத்ததில்ல." பூக்களைக் கழுவுதொட்டியில் போட்டாள். "வேலைக்காரங்க லிஃப்ட்லயே எறங்கிப் போயிடுங்க. நீங்க போயிட்டீங்கன்னே நான் வெச்சுக்கறேன்."

மன்ஹாட்டனில் 'உலகப்போருக்கு முந்தைய கட்டடம்' என்று சொன்னால் போதும், வாங்க வருகிறவர் குரல் தணிந்துவிடும். அதோடு பதினைந்தாம் தளத்தில் நதியைப் பார்த்த திறந்த மாடியும் இருக்கிறது என்றால் செருப்பைக் கழற்றிவிட்டே வருவார். மார்லா அதற்காகவே வீட்டை ஒரு வாரம் அலங்கரித்திருந்தாள். அம்மாவின் நாற்காலி போயிற்று. நாப்தலீன் வாசனையும் வேகவைத்த முட்டைக்கோஸ் வாசனையும் போயின. சாத்தினால் வெளியிலிருந்து திறக்காத மாடிக் கதவுக்கு அம்மா முட்டுக் கொடுக்கும் இரும்பு நாய்ப்பொம்மையைக் கணப்படுப்பின் மேல் அழகுக்கு வைத்திருந்தார்கள்.

"இந்த மணிப்பெட்டிய எல்லாரும் கேப்பாங்க. அடிக்குமா அடிக்காதா?"

"எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்லேருந்து அடிச்சதில்ல" என்றாள் தியா.

சென்ற பிப்ரவரியில் வந்த போலீஸ்காரரிடமும் இதே வார்த்தைகளைத்தான் சொன்னாள், இதே வரிசையில். சொல்லி முடித்தபோது முதுகுக்குப் பின்னால் டிக் என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. மார்லாதான் பார்த்தாள்.

"அட, கொடி தானா விழுது பாருங்க. பழைய சாமான்னா இதான். இதுவும் ஒரு அழகுதான்."

பணிப்பெண் அறையில் கட்டிலளவு இடம், கையளவு ஜன்னல். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, காகிதப் பெட்டியின் மேல் கைப்பேசியை வைத்துவிட்டு, தியா தரையில் உட்கார்ந்தாள். போயிருக்க வேண்டும். லிஃப்ட் ஐந்தடி தூரத்தில் இருக்கிறது. ஆனால் கீழே போனால் வாயில்காவலர் அன்செல்மோ நிற்பார். சென்ற பிப்ரவரியிலிருந்து அவர் கதவைத் திறந்துவிடுகிறார், தொப்பியைத் தொடுகிறார், "நல்லா இருக்கீங்களா மிஸ் தியா" என்று மட்டும் கேட்பதில்லை. அம்மா இறந்த அன்று முழுக்க அவள் கட்டடத்தை விட்டு வெளியே போகவில்லை என்பது உலகத்தில் அவருக்கு மட்டுந்தான் தெரியும்.

அன்றைக்குக் காலையில் சண்டை. வீட்டை விற்றுவிட்டுச் சின்னதாக ஒன்று பார்க்கலாம் என்று தியா சொன்னாள். "நான் செத்தப்பறம் வித்துக்கோ" என்றாள் அம்மா. ஹெட்டா லிண்டவருக்கு எண்பத்தாறு வயது. ஒரு நாளைக்கு நாற்பது தடவை மணி அடிப்பாள். தண்ணீர் வேண்டும், ஜன்னலில் காற்று வருகிறது, இன்று என்ன கிழமை. ஆறு வருஷம் தியா ஒவ்வொரு மணிக்கும் எழுந்து போயிருக்கிறாள். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று அவளுக்கு மனதில் ஒரு குமைச்சல் இருந்தது.

மதியம் இரண்டு பத்துக்கு மணி அடித்தது. மாடிக் கட்டத்தில் கொடி விழுந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கோபத்தில் இரும்பு நாயை முட்டுக் கொடுக்காமல் அம்மா வெளியே போயிருக்கிறாள், காற்றில் கதவு சாத்திக்கொண்டுவிட்டது. இது தியாவுக்கு அப்போதே தெரியும். தெரியாது என்று தனக்குத்தானே ஒரு வருஷமாகச் சொல்லிப் பார்த்தாள், ஒட்டவில்லை. அடிக்கட்டும், கொஞ்சம் காத்திருக்கட்டும் என்று நினைத்தாள். அடுப்புக் கம்பியில் தொங்கிய நீலக் கட்டம் போட்ட துணியை நான்காக மடித்து, சுத்தியலுக்கும் மணிக்கும் நடுவே செருகினாள். பிறகு வானொலியைப் போட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

துணிக்குள் சுத்தியல் டொப் டொப் என்று வெகுநேரம் அடித்துக்கொண்டிருந்தது. பிறகு நின்றது. நின்றபோது அவளுக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தாள். அம்மா வீட்டுச் செருப்போடு சுவரில் சாய்ந்திருந்தாள். விரல் பொத்தானின் மேலேயே இருந்தது. கதவின் கம்பிவலை பதித்த கண்ணாடியில் பூந்தொட்டியால் அடித்த நட்சத்திர விரிசல் ஒன்று. கம்பி விட்டுக்கொடுக்கவில்லை.

மார்லா சொன்னபடி ஒரு மணிக்கு ஜனம் வந்தது. சுவருக்கு அப்பால் காலணிச் சத்தம், வாய்க்குள் அடக்கிய பேச்சு, அலமாரிகள் திறந்து மூடும் ஓசை. வெந்நீர்க் குழாய்கள் சீறின. தியா முழங்காலைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு மணி தாண்டியதும் சமையலறைக்குள் ஒரு தம்பதி வந்து நின்றார்கள் போலிருக்கிறது, குரல் மிக அருகில் கேட்டது.

"ஐயோ, இதப் பாரேன். குட்டி குட்டிக் கொடி. அடிக்குமா இது?" என்றது ஒரு பெண் குரல்.

"சும்மா பார்வைக்குத்தான். வீட்டுக்காரங்களுக்கு நெனவு தெரிஞ்சே அடிச்சதில்லயாம்" என்றாள் மார்லா.

டொப்.

தியா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"வேலைக்காரி இருந்தா நல்லாத்தான் இருக்கும். நம்ம வீட்டுல மணி அடிச்சா நீதான் வரணும்" என்று கணவன் சொன்னான்.

"அடிச்சுப் பாரு, தெரியும்" என்றாள் மனைவி. மூவரும் சிரித்தார்கள்.

டொப். டொப். துணிக்குள் அடிக்கிற அதே சத்தம், ஈரமாக, நிதானமாக. அவர்கள் சிரித்துக்கொண்டே நகர்ந்து போனார்கள், அவர்கள் காதில் எதுவும் விழவில்லை. தியா எண்ணத் தொடங்கினாள். அன்று எண்ணவில்லை. இன்று பதினேழு வரை எண்ணிவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளும் கேட்டது.

மூன்று மணிக்கு வீடு காலியாயிற்று. வாசலில் மார்லாவின் குரல் குதூகலமாக ஒலித்தது. "ரொம்ப சந்தோஷம். உங்க விலைய காலைல எழுத்துல அனுப்பிடுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்." பிறகு திரைகளை இழுக்கும் சத்தம். விளக்குகளை அணைக்கும் சத்தம். பூட்டு இரண்டு முறை திரும்பியது. இனி மார்லா வியாழக்கிழமைதான் வருவாள்.

முடிந்துவிட்டது. வீடு விற்றாயிற்று. டொப் டொப்பும் நின்றிருந்தது. நாளைக்கு ஒரு கையெழுத்து, அதோடு இந்தப் பெட்டியும் அந்தக் கதவும் வேறு யாருடைய பாடோ. தியா வெளியே வந்து லிஃப்ட் பொத்தானை அழுத்தினாள். கீழேயிருந்து அது முனகிக்கொண்டு ஏறிவந்தது. கதவு திறந்தது. உள்ளே மஞ்சள் விளக்கு. ஒரு காலை உள்ளே வைத்தாள்.

மணி அடித்தது.

துணி இல்லாமல், பளீரென்று, வீடு முழுக்க. சுத்தியலே இல்லாத மணி. மாடிக் கட்டத்தில் கொடி கீழே கிடந்தது. அம்மா அடிக்கிற மாதிரியே அடித்தது, இரண்டு சின்னதாக, ஒன்று நீளமாக.

போயிருக்கலாம். லிஃப்ட் காத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் ஒரு வருஷமாக அவள் தூக்கத்தில் செய்ய முயன்று முடியாமல்போன ஒரே காரியம் எழுந்து போவதுதான். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது.

"வரேம்மா" என்றாள். "இதோ வந்துட்டேன்."

ஓடினாள். கோட்டை எடுக்கவில்லை. சாப்பாட்டறையின் கனத்த திரையை விலக்கி, தாழைத் திருகி, கதவைத் தள்ளினாள். பனி முகத்தில் அடித்தது. பெரிய வெளி, வெள்ளையாக, ஒரு காலடிகூட இல்லாமல். கைப்பிடிச் சுவருக்கு அப்பால் நதி இருக்குமிடத்தில் சாம்பல் நிறம் மட்டும்.

"கேட்டுதும்மா. அன்னைக்கும் கேட்டுது. துணிய வெச்சது நான்தான்."

சொல்லிவிட்டாள். யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டாள். சுவரோரம் நடந்து பொத்தானைப் பார்த்தாள். பித்தளை வளையத்துக்குள் வெள்ளைப் பொத்தான். அது உள்ளே அழுந்தியிருந்தது. அழுந்தியபடியே நின்றது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெதுவாக வெளியே வந்தது, யாரோ விரலை எடுத்ததுபோல.

வீட்டுக்குள் மணி நின்றது.

பின்னால் கதவு சாத்திக்கொண்டது.

ஓடிவந்து பிடியைத் திருகினாள். திரும்பவில்லை. நட்சத்திர விரிசலின் மேல் உள்ளங்கையால் அறைந்தாள். கம்பி. உள்ளே திரை அசைந்து அடங்கியது. இரும்பு நாய் கணப்படுப்பின் மேல். கைப்பேசி பணிப்பெண் அறையில். கத்தினாள். காற்று அதை வாங்கிக்கொண்டு போயிற்று. கீழே தெருவில் கார்கள் எறும்பளவில் போய்க்கொண்டிருந்தன. அவள் இங்கே இல்லை என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவளே ஒப்புக்கொண்ட ஏற்பாடு.

விரல்கள் மரத்தன. பிறகு பாதம்.

பொத்தான். அது ஒன்றுதான் இருந்தது.

அழுத்தினாள். உள்ளே மணி அடித்தது. நன்றாகக் கேட்டது. மறுபடி அழுத்தினாள். விரலை எடுக்காமல் அழுத்தினாள்.

சமையலறையில் விளக்கு எரிந்தது.

சமையலறை ஜன்னல் கைப்பிடிச் சுவருக்கு அப்பால், மூன்றடி தள்ளி, கைக்கு எட்டாது. கழுத்தை நீட்டிப் பார்த்தால் உள்ளே தெரியும். மணிப்பெட்டிக்குக் கீழே முக்காலி போட்டு யாரோ ஏறி நின்றிருந்தார்கள். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. வீட்டுச் செருப்பு. செருப்பிலிருந்து பனி உருகித் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா."

தலை கொஞ்சம் திரும்பியது. கேட்டிருக்கிறது.

கையில் நீலக் கட்டம் போட்ட துணி. அவசரமில்லாமல் இரண்டாக மடித்தாள். நான்காக மடித்தாள். கையை உயர்த்திச் செருகினாள். மணி, டொப் டொப் ஆயிற்று.

முக்காலியிலிருந்து இறங்கி, அதை ஜன்னலருகே இழுத்துப்போட்டு, தியாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

பிறகு வானொலியைப் போட்டாள்.