கொளஞ்சி-3 இறங்கிய இடம்

காலை 10.22.

கவுஸ் பாய் வெறுங்கையோடு திரும்பி வந்தார். முழங்கால் வரை கரிசல் சேறு. மொபெட்டின் பின்னால் ராக்கெட்டைப் படுக்கவைக்க அவரே பொருத்தியிருந்த தொட்டில் காலியாகக் கிடந்தது.

“காணோம்மா. வேலியோரம் மண்ணுல குத்துன தடம் இருக்கு. ராக்கெட் இல்ல.”

பாக்யலட்சுமி காலித் தொட்டிலைத் தொட்டுப் பார்த்தாள். கோபம் வந்தால் அவளுக்கு முதலில் பேச்சு நிற்கும். பிறகு யாராலும் நிறுத்த முடியாது.

எறையூருக்குத் தெற்கே, ஊரார் அனுமதித்த தரிசு நிலம் அது. போன மே மாதம்தான் பட்டம் வாங்கினாள், அவள் வம்சத்திலேயே முதல் பட்டம். அதே கல்லூரியின் ராக்கெட் குழுவை இப்போது அவள்தான் நடத்துகிறாள். மூன்றடி உயர ராக்கெட்டுக்குப் பெரிய விஞ்ஞானி பெயர் வைக்கலாம் என்று பேராசிரியர் நல்லுசாமி சொன்னபோது மறுத்துவிட்டாள். களைவெட்டிப் படிக்கவைத்தது விஞ்ஞானி இல்லை, அம்மா கொளஞ்சியம்மாள். ஆகவே கொளஞ்சி-3.

அதற்குள் தீப்பெட்டி அளவில் ஓர் உயரப்பதிவுக் கருவி இருந்தது. முந்நூறு மீட்டரைத் தாண்டிய பதிவை இன்று மாலை ஐந்து மணிக்குள் அனுப்பினால் மாநில இறுதிப்போட்டி. அனுப்பாவிட்டால் இரண்டு வருட உழைப்பு மண். இதுவரை எட்டிய உயரம் 281.

ஏற்கெனவே ஒரு ராக்கெட் கரும்புக்குள் விழுந்து தொலைந்தது. இன்னொன்றைத் தேடிப் போனவர்களே மிதித்து உடைத்தார்கள். அதனால்தான் மீட்புக்கென்று ஒரு சின்ன வண்டி வாங்கக் கல்லூரி சம்மதித்தது. இன்று இரண்டு வண்டிகளுக்குப் பரீட்சை.

ஒன்று, பெரம்பலூர் விற்பனையாளர் தமிழரசன் பிக்கப்பில் ஏற்றிவந்த சிவப்பு நாலுசக்கர பைக். ஒன்பது மணிக்குப் பறந்த சிறிய ராக்கெட்டை அது பன்னிரண்டு நிமிடத்தில் கொண்டுவந்தது. வரும்வழியில் செங்கமலத்தின் மக்காச்சோளத்தில் இரண்டு வரிசையை மடக்கிப் போட்டது. தமிழரசன் அதைப் பற்றிப் பேசவில்லை. காலைத் தூக்கிப் பேராசிரியரிடம் காட்டினார்.

“பாத்தீங்களா சார்? ஷூவும் வெள்ளை, சாக்ஸும் வெள்ளை. ஒரு பொட்டு சேறு இல்ல. இதான் வண்டி.”

மற்றொன்று கவுஸ் பாயின் மொபெட். லப்பைக்குடிக்காட்டுக்காரர். சவூதியில் பதினாறு வருடம் பாலைவன வண்டிகளைப் பழுது பார்த்தவர்.

9.47க்கு கொளஞ்சி-3 கிளம்பியது. மேலே பாராசூட் விரிந்தது. காற்று அதைத் தள்ளிக்கொண்டுபோய் ஆள் உயர மக்காச்சோளத்துக்கு அப்பால் இறக்கியது. பாதுகாப்புக்காக, விழுந்து பத்து நிமிடம் யாரும் நகரக்கூடாது என்பது நல்லுசாமியின் சட்டம். பத்து மணிக்கு பாய் கிளம்பினார்.

இப்போது வெறுங்கை.

“அவரு ஒருத்தருதானேம்மா போனாரு...” என்று இழுத்தார் நல்லுசாமி.

“பழைய இரும்பை ஒட்டவச்சு வண்டி ஓட்டுறவரு சார்,” என்றார் தமிழரசன். “வித்தா நாலு காசு வரும்னு தோணியிருக்கும்.”

பாயின் முகம் சுண்டிப்போனது. “அல்லாஹ் அறிய நான் கண்ணால பாக்கல சார்.”

“பாய், நீங்க சத்தியம் பண்ண வேணாம்,” என்றாள் பாக்யலட்சுமி. “சார், பத்து மணிக்கு முன்னாடி இங்கேருந்து நகந்தது யாரு?”

பேராசிரியர் யோசித்தார். “தமிழரசன் பிக்கப்பை எடுத்துக்கிட்டு போன் பேசப் போனாரு.”

அவள் பிக்கப் பக்கம் திரும்பினாள். கருவேல மரத்தடியில் நின்ற அந்த வண்டியில் பாட்டு காதைக் கிழித்தது.

“எங்க போனீங்க?”

“மெயின் ரோட்டுக்கு. இங்கதான் டவர் இல்லையே.”

“எப்பக் கெளம்புனீங்க?”

“பாராசூட் விரிஞ்சதும்.”

“திரும்புனது?”

“பத்து பத்து இருக்கும்.”

“பிக்கப்பை விட்டு எறங்குனீங்களா?”

தமிழரசன் சிரித்தார். “என்னம்மா, போலீசா நீ? நானும் பருத்திக்காட்டுல பொறந்தவன்தான். நேத்து பேஞ்ச மழைக்கு இந்த மண்ணுல பத்தடி வச்சா ஷூ பானை சைசுக்கு வந்துரும். என் ஷூவைப் பாரு.”

பார்த்தாள். ஷூ பளபளத்தது. அதற்குமேல் கறுத்த கணுக்கால்.

“பாட்டு ஏன் இவ்ளோ சத்தம்?”

“புது ஸ்பீக்கர்ம்மா.”

“ம்,” என்றாள். “பாய், வண்டியை எடுங்க.”

10.31.

அந்தச் சவாரியை பாக்யலட்சுமி ஆயுசுக்கும் மறக்கமாட்டாள். கரிசல் ஈரமானால் சக்கரத்தைச் சுற்றி அப்பும். மட்கார்டுக்குள் அடைத்துக்கொண்டு வண்டியைச் சிலையாக்கும். பாய் இரண்டு மட்கார்டையும் கழற்றி எறிந்திருந்தார். டயரை உரசாமல் உரசியபடி ஓர் இரும்புப் பட்டை. சேறு ஏற ஏற அதுவே வழித்துத் தள்ளியது. ஹேண்டில்பாரை இருபுறமும் அறுத்துச் சுருக்கியிருந்தார். இரண்டடி இடைவெளியில் நட்ட மக்காச்சோள வரிசைக்குள் வண்டி நுழைந்தது. தோகைகள் கன்னத்தில் அறைந்தன. ஒரு செடிகூடச் சாயவில்லை. புத்தகத்தில் நாலு பக்கம் படித்து அவள் எழுதிய தேவைப் பட்டியலை, அதைப் பார்க்காமலேயே இந்த மனிதர் இரும்பில் எழுதி வைத்திருந்தார்.

“இதெல்லாம் யாரு பாய் சொல்லிக் குடுத்தா?”

“மாட்டிக்கிட்டு நின்னப்போ மண்ணே சொல்லிச்சும்மா.”

வயலின் மறுகோடியில் வேலி. கதிர் வைக்கும் பருவத்தில் காட்டுப்பன்றி வராமலிருக்க இங்கே எல்லோரும் செய்வதுதான்: குச்சி நட்டுப் பழைய சேலைகளைச் சுற்றிக் கட்டுவது. பச்சை, ஊதா, ஆரஞ்சு, மஞ்சள் என்று தேர்க்கொடி மாதிரி நீண்டது. அதற்கப்பால் ஒரு மோட்டார் தொட்டி. நூறடியில் தார் ரோடு.

செங்கமலம் இடுப்பில் கைவைத்து நின்றாள். “இன்னும் ரெண்டு வரிசை பாக்கியிருக்கே, அதையும் ஒடிக்க வந்தீங்களா?”

“ஒடிச்சது அந்தச் செவப்பு வண்டிக்கா. திரும்பிப் பாருங்க, நாங்க வந்த வழி தெரியுதா?”

செங்கமலம் பார்த்தாள். தெரியவில்லை. குரல் இறங்கியது. “அட, ஆமா. என்னா வேணும் புள்ள?”

“பத்து மணி வாக்குல யாராச்சும் வந்தாங்களா?”

“தொட்டியில ஒருத்தன் கால் கழுவிக்கிட்டிருந்தான். முதுகுதான் தெரிஞ்சுது. ‘யாருப்பா’ன்னு கத்திக்கிட்டே வந்தேன், அதுக்குள்ள ரோட்டுல ஏறிட்டான். ஒங்க காலேசு ஆளுன்னு விட்டுட்டேன்.”

பாக்யலட்சுமி வேலியோரமாக நடந்தாள். நேற்றைய மழையில் கரிசல் தெறித்து, ஒவ்வொரு சேலையின் கீழ்ப்பகுதியும் கறுத்திருந்தது. பச்சையின் ஓரம் கறுப்பு. ஊதாவின் ஓரம் கறுப்பு. ஆரஞ்சின் முன்னால் நின்றாள்.

“இது யாரு சேலைக்கா?”

“அந்தப் பச்சை என் நாத்தனா வளைகாப்புக்குக் கட்டுனது. ஊதா எம் பொண்ணோடது. இது...” செங்கமலம் கிட்டே வந்து தடவினாள். “இது நம்ம வூட்டுது இல்லியே!”

ஓரத்தில் ஒரு பொட்டு சேறு இல்லை. இரண்டு மூலையையும் யாரோ குச்சியில் கட்டியிருந்தார்கள். மடிப்புக்குள் எட்டு பாராசூட் கயிறுகள் தொங்கின. எட்டும் ஒரே நீளத்தில், கத்தியால் அறுபட்டிருந்தன.

“யா அல்லாஹ்,” என்றார் பாய். “இதை ஒட்டித்தானே ரெண்டு தடவை போனேன்!”

“வேலியில சேலை இருந்தா யாரு பாய் பாப்பா? நானும் பாக்கமாட்டேன்.”

10.58.

அவள் நேராகத் தமிழரசனிடம் போனாள். மொபெட்டை நிறுத்தக்கூட பாயை விடவில்லை; ஓடும்போதே குதித்தாள்.

“சாக்ஸ் எங்க?”

“என்னா?”

“காலையில சாருக்குத் தூக்கிக் காட்டுனீங்களே, வெள்ளை சாக்ஸ். இப்ப எங்க?”

தமிழரசன் குனிந்து தன் காலையே முதன்முறை பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“வெளியூரானா இருந்தா ஷூவோட எறங்கியிருப்பான். சேறு அப்பி அங்கேயே மாட்டியிருப்பான்,” என்றாள் பாக்யலட்சுமி. “நீங்க பருத்திக்காட்டுல பொறந்தவரு. ஈரக் கரிசல்னு தெரிஞ்சதும் கை தானா ஷூவைக் கழட்டிருச்சு. வெறுங்காலோட போனீங்க. பாராசூட் வேலியில சிக்கிக்கிச்சு. அதைப் பிரிக்கிறதுக்குள்ள செங்கமலம் அக்கா வந்துருவாங்கன்னு கயித்த அறுத்து, துணியைச் சேலையோட சேலையாக் கட்டிட்டீங்க. தொட்டியில கால் கழுவுனீங்க. அக்கா கத்துனதும் ஓட்டம். ஈரக்கால்ல ஷூ ஏறும். சாக்ஸ் ஏறாது.”

“கதை விடாத. ராக்கெட் எங்கேன்னு சொல்லு பாப்போம்!”

“நான் ஏன் சொல்லணும்? அதுவே சொல்லும்.”

பிக்கப்பின் கதவைத் திறந்து பாட்டை நிறுத்தினாள்.

காட்டில் திடீரென்று அமைதி. பிறகு, தார்ப்பாய்க்கு அடியிலிருந்து மெல்லிய, தெளிவான சத்தம்.

பீப். பீப். பீப்.

“கீழ எறங்குனதும், எட்டுன ஒசரத்தை எண்ணு எண்ணாக் கத்திக்கிட்டே இருக்கும் இந்தக் கருவி,” என்றாள். “எப்படி நிறுத்துறதுன்னு ஒங்களுக்குத் தெரியல. அதான் கச்சேரி.”

நல்லுசாமி விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். மூன்று. இடைவெளி. நான்கு. இடைவெளி. ஆறு. அவர் வாய் திறந்தபடி நின்றது.

“முந்நூத்து நாப்பத்தாறு!”

தமிழரசன் தார்ப்பாயை அவரே விலக்கினார். “வியாபாரம்மா,” என்றார் தரையைப் பார்த்து. “இந்த மொபெட்டு தோக்கணும்னு நெனச்சேன். நாளைக்கு ஒங்க ராக்கெட்டைத் திருப்பிக் குடுத்திருப்பேன்.”

“நாளைக்குக் குடுத்து? எங்களுக்கு இன்னிக்கு அஞ்சு மணிதான் இருக்கு. அதுவும் போகட்டும். ஒங்க வண்டி நல்ல வண்டிதான், நாலு எடத்துல ஓடும். அது பேசட்டும்னு விட்டிருக்கலாம். அந்த மனுசனைத் திருடன்னு சொன்னீங்களே, அதுக்கு மொதல்ல மன்னிப்புக் கேளுங்க. அப்பறம் செவப்பு வண்டியை ஏத்திக்கிட்டுப் போங்க.”

கேட்டார். சத்தம் வரவில்லை என்று இன்னொரு முறை கேட்கவைத்தாள். தமிழரசன்மேல் புகாரைப் பேராசிரியர் கைப்பட எழுதினார்.

11.40.

மெயின் ரோட்டுக்கு கவுஸ் பாய்தான் கொண்டுவந்து விட்டார். தொட்டிலில் கொளஞ்சி-3 பத்திரமாகப் படுத்திருந்தது. டவர் வந்ததும் பாக்யலட்சுமி பதிவை அனுப்பினாள். அடுத்து அம்மாவுக்குப் போன் அடித்தாள். எடுத்ததும் களைக்கொத்துச் சத்தம் கேட்டது.

“அம்மா, முந்நூத்து நாப்பத்தாறு.”

“எது புள்ள? வெங்காய வெலையா?”

“ஒசரம்மா. நீ ஏறுன ஒசரம்.”

களைக்கொத்துச் சத்தம் நின்றது.

“ஏறுனது இருக்கட்டும். எறங்குனேனா இல்லையா?”

பாக்யலட்சுமி மொபெட்டைப் பார்த்தாள். பாய் ஒரு குச்சியால் பட்டையிலிருந்த கடைசிச் சேற்றைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“நீ எறங்குனம்மா. தூக்கிட்டு வர வண்டியும் கெடைச்சிருச்சு.”